நாலு கடைசல், நாலு பேச்சு

ஜூலை 5, சனி

வெயில். பத்து மணிக்கே தகரக்கூரை அடியில் நிற்க முடியவில்லை. லேத்துக்கு எண்ணெய் விட்டேன். பெல்ட் மாற்ற வேண்டும். உப்புத்தாள் 240 தீர்ந்துவிட்டது.

மரக் கடைசல் குழுவிலிருந்து வாட்ஸாப். தலைவர் மிஸ்டர் ஊய் அனுப்பியது. ஓய்வு பெற்ற ஆசிரியர், எதற்கும் ஒரு தலைப்பு வைக்காமல் இருக்கமாட்டார். 19ஆம் தேதி எஸ்.பி. டவுன் மண்டபத்தில் கண்காட்சி. தலைப்பு, ‘நாங்கள் முதலில் கடைந்தவை’. ஆரம்ப காலச் சாமான்களை எல்லோரும் கொண்டுவர வேண்டுமாம். பக்கத்தில் ஓர் அட்டை: என்ன மரம், யாருக்குச் செய்தது, அதன் கதை என்ன.

மற்றவர்கள் உடனே கட்டை விரல், பூ, இதயம். நான் ஒன்றும் போடவில்லை. என் முதல் கடைசல்களில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. எல்லாவற்றையும் அன்பளிப்பாகக் கொடுத்துத் தொலைத்தேன். பதிலுக்கு என்ன கிடைத்தது என்பது மட்டும் வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. மறதி எனக்கு வராத வியாதி.

பட்டியல்:

1. சப்பாத்திக் கட்டை. சாந்தி அக்காவுக்கு, தீபாவளிக்கு. ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் ஒல்லி. பத்துப் பேர் நடுவில் தூக்கிப் பிடித்துக் கேட்டாள்: “இதுல மாவு தேய்க்கவா, உங்க மாமாவை அடிக்கவா?”

2. மோர் மத்து. பக்கத்து வீட்டு மாலாவுக்கு. “புள்ளகுட்டி இருந்தா இதுக்கெல்லாம் ஏது நேரம்.” சிரித்துக்கொண்டே சொன்னாள்.

3. கிண்ணம். ஃபேக்டரியில் என் மலாய்க்கார லைன் லீடர் கா ரோஸுக்கு, ராயா பெருநாளுக்கு. “இனி மங்கோக் கெ, பெராஹு?” கிண்ணமா படகா என்று. லைன் முழுக்கச் சிரித்தது.

4. தொட்டில் கட்டை. நாத்தனார் விமலாவின் குழந்தைக்கு. அவள் சொன்னதை இப்போது எழுத வரவில்லை. பிறகு.

முடிவு செய்துவிட்டேன். நாலையும் திரும்ப வாங்குவேன். அட்டையில் ‘கதை’ என்ற இடத்தில் அவரவர் சொன்னதை அப்படியே எழுதுவேன், பெயரோடு. நாலு பேரையும் கண்காட்சிக்கு அழைப்பேன். வந்து படிக்கட்டும். உப்புத் தின்றவர்கள் தண்ணீர் குடிக்கட்டும்.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன தனியா சிரிக்கிற?” என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

வேலை. எங்களுக்கு வார லீவு வெள்ளி, சனி. 5.40 வேன். கூலிம் போய்ச் சேரும்வரை தூக்கம்.

புதுப் பெண் ஒருத்தியை என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மைக்ராஸ்கோப்பில் சில்லுகளைப் பார்த்து விரிசல் தேடுவதுதான் எங்கள் வேலை. பதினெட்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். அவளுக்கு முதல் பாடம் சொன்னேன். விரிசல் எங்கே போய் முடிந்தது என்று பார்க்காதே, எங்கே தொடங்கியது என்று பார். முடிந்த இடம் அகலமாக இருக்கும், கண்ணை இழுக்கும், அங்கே ஒன்றும் கிடைக்காது.

கேண்டீனில் கா ரோஸிடம் கிண்ணத்தைக் கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது. “பூவாட் அபா?” எதற்கு என்று. கண்காட்சி என்றேன். நாளைக்குக் கொண்டுவருவதாகச் சொன்னாள். தூக்கி எறிந்திருப்பாள், இப்போது எங்கே போய்த் தேடுவது என்று முழிக்கிறாள் என நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

மீன் வாங்க மறந்துவிட்டேன். ரசம், முட்டை.

ஜூலை 7, திங்கள்

கா ரோஸ் கிண்ணத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள். உள்ளே ஒரு தஸ்பீஹ் மணிமாலையின் தடம், வட்டமாக. அவளுடைய அம்மாவின் மாலையாம். அம்மா இறந்ததிலிருந்து அதை இந்தக் கிண்ணத்தில்தான் வைத்திருக்கிறாளாம், படுக்கைக்குப் பக்கத்தில்.

பச்சை ரப்பர் மரத்தில் கடைந்தது. பால் காயாத கட்டையைக் கடையக்கூடாது என்று அப்போது யார் சொன்னார்கள். காயக் காய இழுத்துக்கொண்டு நீள்வட்டமாகிவிட்டது. நீலக் கறை வேறு. உண்மையைச் சொன்னால், படகுதான்.

“ஜாங்ஙான் லுப்பா புலாங்கான் யா,” என்றாள். திருப்பிக் கொடுக்க மறந்துவிடாதே என்று இரண்டு தடவை.

பட்டியலில் அவள் பெயரை அடித்தேன். அரை மனதோடுதான். சிரித்தது சிரித்ததுதானே. இருந்தாலும் அடித்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

லீவு தொடங்கியது. துணி துவைத்தேன். காலையில் மாலா வீடு.

மத்து அவள் வீட்டுக் கருவேப்பிலைத் தொட்டியில் முட்டுக்கொடுத்து நிற்கிறது. தலைகீழாக. கீழ்ப்பாதியைக் கரையான் தின்றுவிட்டது.

“ஐயோ ராஜி, அதுவா? எடுத்துக்க லா. நான் கம்புன்னு நினைச்சுட்டேன்.”

கம்பு. நாலு இதழ் வெட்டி, கைப்பிடியில் வரி போட்டு, தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊறவைத்தது. கம்பு. மண்ணைத் தட்டிப் பையில் போட்டுக்கொண்டு, 19ஆம் தேதி அவசியம் வா என்றேன்.

“சாப்பாடு உண்டா?”

“உண்டு,” என்றேன். வயிறு நிறைய உண்டு.

ஜூலை 9, புதன்

மூன்று மணிக்கு மழை. தகரத்தின் சத்தத்தில் டிவி கேட்கவில்லை. இவர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. நாலாவதை எழுதிவிடுகிறேன்.

லேத் வீட்டுக்கு வந்து பத்து வருஷம். குழந்தைக்காக எடுத்த மூன்றாவது சிகிச்சையும் கைகூடாமல் நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்த சமயம். எஸ்.பி.யில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையை மூடினார்கள். இவர் அங்கே போய் இந்த மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். “மனசு மாறும், எதையாவது செஞ்சு பாரு.” மாறியது. அதை மறுக்கவில்லை.

அடுத்த வருஷம் விமலாவுக்கு முதல் குழந்தை, பெண். விமலா இவருடைய ஒரே தங்கை. முப்பதாம் நாள் தொட்டில் போட வேண்டும். தொட்டில் சீர் தாய்மாமனுடையது: சேலை, ஸ்பிரிங், சேலையை விரித்துப் பிடிக்கிற கட்டை. தாய்மாமன் கையால்தான் கட்டவும் வேண்டும். கட்டையைக் கடையில் வாங்குவானேன், நீ செய்து கொடு என்றார் இவர்.

மூன்று வாரம் அதற்கே போனது. சுங்கை லாலாங் பக்கம் மறுநடவுக்கு வெட்டிப் போட்ட ரப்பர் மரத்தில் கேட்டு வாங்கியது. மருந்தில் ஊறவைத்து ஆறு மாதம் காயவைத்த துண்டு (படகு கற்றுக்கொடுத்த பாடம்). இரண்டு முனையிலும் சேலை பதிய வரி. நடுவில் ஒடுங்கிய இடுப்பு, அதற்கு இரண்டு பக்கமும் மும்மூன்று மணி. என் கையில் முதன்முதலாக அழகு என்று ஒன்று வந்தது அதில்தான். கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். ஒரு பிசிறு இல்லை.

தொட்டில் போடுகிற அன்றைக்கு என் மாமியார் (இப்போது இல்லை) என்னைப் பார்த்து, “நீ கொஞ்சம் உள்ள இரும்மா. புள்ளய போட்டதும் கூப்புடுறேன்,” என்றார். எனக்குப் புரிந்தது. பிள்ளை இல்லாதவள் முதல் தொட்டிலுக்கு முன்னால் நிற்கக்கூடாது. உள்ளே போய்க் கேசரி கிண்டினேன். கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. நான் கடைந்த கட்டை தொங்குவதை நான் பார்க்கவே இல்லை.

பதினோராம் நாள் கட்டை முறிந்தது. சேலை மடங்கி, முறிந்த துண்டு குழந்தையின் நெற்றியில் விழுந்தது. மூன்று தையல்.

கிளினிக் நடைபாதையில் விமலா சொன்னது: “புள்ள பெறாத கையால தொட்டில் கட்டை செஞ்சா இப்படித்தான் ஆகும்.”

எழுதிவிட்டேன்.

அங்கே ஏழெட்டுப் பேர். யாரும் வாயைத் திறக்கவில்லை. இவர் என் பக்கத்தில்தான் நின்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் லேத்தைத் தொடவில்லை. தொட்ட பிறகும் கை பழைய கை இல்லை. விமலா சொன்னது அநியாயம் என்று தெரியும், ஆனால் இடுப்பை ஒல்லியாக எடுத்தது நான். அழகுக்கு ஆசைப்பட்டது நான். குழந்தையின் ரத்தம் என் கணக்கில்தான். அன்றிலிருந்து ஒடுங்கிய இடுப்பு ஒன்றுகூட நான் கடைந்ததில்லை. எல்லாம் தடி, எல்லாம் கனம். குழுவில் என் சாமான்களுக்கு யானைக்கால் என்று பெயர். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஜூலை 11, வெள்ளி

எஸ்.பி., சாந்தி அக்கா வீடு. போகும் வழியில் டயருக்குக் காற்று அடித்தேன்.

சப்பாத்திக் கட்டை இருக்கிறது. நெத்திலி இடிக்கிறாளாம் அதில். தடித்த முனை சப்பிப் போய், மசாலா நாற்றம்.

“இடிக்க நல்லா இருக்குடி. தேய்க்கத்தான் ஆகாது.”

“அன்னைக்குத் தீபாவளிக்கு நீ என்ன சொன்னன்னு ஞாபகம் இருக்கா?”

“என்ன சொன்னேன்?”

சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “நானா? நல்லாத்தான் சொல்லியிருக்கேன்.” உடனே மாமாவைக் கூப்பிட்டு அவருக்கும் ஒருதரம் சொல்லிக்காட்டினாள். அட்டையில் எழுதப்போகிறேன் என்று மிரட்டினால், பெயரைப் பெரிதாக எழுது என்கிறாள். இவளிடம் எப்படிப் பழி வாங்குவது.

நெத்திலி சம்பல் ஒரு டப்பா கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 12, சனி

யான் ஊரில் விமலா வீடு. தனியாகப் போனேன். இவருக்கு முதுகு வலியாம். நேற்றிரவு சாப்பிடும்போதே, “அது ஒண்ணு மட்டும் வேணாமே ராஜி, மத்த மூணு போதாதா?” என்றார். தங்கையைக் காப்பாற்றுகிறார் என்று எரிச்சல்.

வெயிலில் ஜெராய் மலை மங்கலாகத் தெரிந்தது. வயலில் நாற்று. விமலா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் சந்திரன் லாரியில் போயிருந்தார், குழந்தை டியூஷனில்.

“வாங்க அண்ணி. என்ன அதிசயம்.”

விஷயத்தைச் சொன்னேன். கீரையை விட்டுக் கை எடுக்காமல், “ஒன்பது வருஷமா அதையா மனசுல வச்சிருக்கீங்க?” என்றாள்.

“நீ சொன்னதை நீ மறந்துட்டியா?”

“மறக்கல. புள்ள மூஞ்சியில ரத்தத்தைப் பார்த்தவ பேசுனது. ஆனா ஒண்ணு அண்ணி, அண்ணனும் அங்கதான் நின்னாரு. ஒரு வார்த்தை மறுத்துப் பேசுனாரா? இல்லையே. அப்ப நான் சொன்னது சரின்னுதானே அர்த்தம்.”

“அவரு பேசாத சுபாவம்.”

“ஆமா, பேசமாட்டாரு,” என்றாள்.

அவள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கவில்லை. கட்டையின் ஒரு துண்டு ஜன்னலுக்கு ஆப்பு. இன்னொன்று கோழிக்கூண்டின் தாழ்ப்பாள். இரண்டிலும் பச்சை பெயிண்ட், கோழி எச்சம். அவளே பிடுங்கிக் கொடுத்தாள். கண்காட்சிக்கு வா என்றேன்.

“வருவேன். எனக்கென்ன பயம்.”

வா. உன் அட்டையை எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

மதியம், அதே நாள். கொல்லையில் உட்கார்ந்து துண்டுகளைக் கழுவினேன். முறிந்த முனையில் அழுக்கு அப்பியிருந்தது. பல் துலக்கும் பிரஷ், சோப்பு.

இடுப்பு நடுவில் முறிவு. இரண்டு துண்டின் முனையிலும் அரை வட்டமாக ஒரு பள்ளம். சேர்த்து வைத்துப் பார்த்தேன். முழு வட்டம். ஓட்டை. இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்த ஓட்டை.

லென்ஸை எடுத்தேன். விரிசல் ஓட்டையின் ஓரத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் ஓடியிருக்கிறது. உள்ளே சுவர் வழவழப்பு, டிரில்லின் சுற்று வரி அப்படியே இருக்கிறது. அளந்தேன். ஆறு மில்லி. இடுப்பே பதினான்கு மில்லிதான்.

நான் ஓட்டை போடவில்லை. நான் கொடுத்த கட்டையில் ஓட்டை இல்லை.

குழாயை மூட மறந்து கொல்லையெல்லாம் தண்ணீர்.

நான் இல்லை. என் இடுப்பு இல்லை. என் கை இல்லை.

விமலா, அகப்பட்டாய்.

ஜூலை 13, ஞாயிறு

சந்தோஷத்தில் தூக்கமே இல்லை. ஓட்டை போட்டது விமலாவா சந்திரனா, அது ஒன்றுதான் தெரிய வேண்டும். வீட்டில் டிரில் வைத்திருப்பவர் சந்திரன். போடச் சொன்னது இவளாகத்தான் இருக்கும். தானே கெடுத்துவிட்டுப் பழியை என் வயிற்றின் மேல் போட்டிருக்கிறாள்.

மாலை டீக்கு இவர் முன்னால் இரண்டு துண்டையும் வைத்தேன். பக்கத்தில் பிஸ்கட்.

“கிடைச்சிருச்சா,” என்றார். தொடவில்லை.

“நடுவுல ஓட்டை இருக்குங்க. நான் போடல.”

டீயை ஊதினார். “ரப்பர் கட்டைதானே. பூச்சி அரிச்சிருக்கும்.”

“பூச்சி இவ்வளவு நேரா அரிக்குமா?”

“பழசை எதுக்குக் கிளறுற ராஜி.” டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். டீ பாதிதான் குடித்திருந்தார்.

அது எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று இன்னும் யோசிக்கிறேன். இவருக்கும் டிரில் தெரியும், பூச்சியும் தெரியும்.

ஜூலை 15, செவ்வாய்

சந்திரனுக்குப் போன் செய்தேன். பட்டர்வொர்த்தில் லாரியை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்கக்கா. நல்லா இருக்கீங்களா?”

“தம்பி, அந்தத் தொட்டில் கட்டைல ஓட்டை போட்டது யாரு?”

“ஓட்டையா? அது மச்சான் போட்டதுக்கா. என் டிரில்லதான். கிளி பொம்மை ஒண்ணு வாங்கியாந்தாரு, பட்டனை அமுக்குனா பாடும். அதுக்கு மேல ஒரு ஸ்குரூ. அதைக் கட்டைல மாட்டணும்னு காலையிலயே வந்து போட்டாரு. நீங்க அடுப்படியில இருந்தீங்க. ஏங்கா, உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும், சும்மா கேட்டேன் என்றேன். என் வாய் எப்படி அதைச் சொன்னது என்று தெரியவில்லை.

“உடைஞ்ச அன்னைக்கே எனக்குச் சந்தேகம்தான். ஓட்டையாலதானே போச்சுன்னு மச்சான்கிட்ட கேட்டேன். விடுப்பா, பெருசு பண்ணாதன்னாரு. அந்தக் கிளியையும் அவரே கழட்டி கார்ல கொண்டு போயிட்டாரு. சரி, புருஷன் பொண்டாட்டி உங்களுக்குள்ள பேசியிருப்பீங்கன்னு நானும் விட்டுட்டேன்.”

பேசவில்லை தம்பி.

போனை வைத்த பிறகு அரிசி கழுவினேன். இரண்டு தடவை கழுவினேன். மூன்றாவது தடவை கழுவும்போது அழுதேன். எழுதி வைக்கிறேன், பிறகு அழவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளாமல் இருக்க.

ஜூலை 16, புதன்

வேலை. இரண்டு சில்லைத் தவறவிட்டேன். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. கா ரோஸ் தன் மைலோ டம்ளரை என் பக்கம் தள்ளினாள்.

ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வருகிறது.

— கிளியைக் கயிற்றில் கட்டியிருந்தாலே போதும். ஒடுங்கிய இடுப்பு அதற்குத் தோதாகத்தான் இருந்தது.

— உடைந்த மறு மாதம் புது உளி செட் ஒன்று வாங்கிவந்தார், மரப்பெட்டியோடு. நான் தொடமாட்டேன் என்றேன். “ஒரு நாள் தொடுவ, அதுவரைக்கும் இருக்கட்டும்.” அன்பு என்று நினைத்தேன். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

— மாமியார் சாகும்வரை என் கையால் குழந்தையைத் தூக்க விட்டதில்லை. இவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

— யானைக்கால் என்று குழுவில் சொன்னபோது இவரும் சிரித்தார்.

— பூச்சி அரித்ததாம். பூச்சிக்கு ஆறு மில்லி டிரில் பிட் யார் வாங்கிக் கொடுத்தது?

ஓட்டை போட்டதை மன்னித்துவிடுவேன். யார்தான் தப்புச் செய்யவில்லை, தங்கச்சி பிள்ளைக்கு ஒரு கிளி, ஆசைதானே. அன்றைக்கு அந்த நடைபாதையில், “ஓட்டை போட்டது நான்,” என்று சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. வாயில் கொழுக்கட்டை. ஒன்பது வருஷமாக என் பக்கத்திலேயே படுத்து எழுந்தவர், என் கை பயப்படுவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

விமலா பேசினாள். பேசினவளை முகத்துக்கு நேரே வெறுக்க முடிந்தது. ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள்.

மீன்காரன் வந்தான். கெம்போங் மீன் அரை கிலோ. இவருக்குப் பிடிக்கும் என்று கை தானாக வாங்கியது. பொரித்து நானே தின்றேன். இவருக்குச் சம்பலும் சோறும்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. கோயிலில் கூழ் ஊற்றுகிறார்களாம். போகவில்லை. உடம்பு சரியில்லை என்று ஃபேக்டரிக்குச் சொல்லிவிட்டேன். இவர் ஏழரைக்குக் கிளம்பிப் போனார்.

சந்தேகத்தின் பேரில் யாரையும் தூக்கில் போடக்கூடாது. சோதனை செய்தேன்.

காய்ந்த ரப்பர் கட்டை ஒன்றை மாட்டினேன். அதே நீளம், அதே வரி, மும்மூன்று மணி. இடுப்புக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. இருபது மில்லியில் நின்றது. உளியை வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து பதினெட்டு. பதினாறு. சுருள் மெல்லிசாக, நீளமாக முழங்கையில் வந்து விழுந்தது. பதினான்கு.

ஒன்பது வருஷம் கழித்து ஓர் இடுப்பு. அழகாக இருந்தது. நானே சொல்லிக்கொள்கிறேன்.

தகரக்கூரை உத்தரத்தில் ஸ்பிரிங் மாட்டி, பழைய சேலை கட்டி, கட்டையை நடுவில் கொடுத்து, பத்துக் கிலோ அரிசி மூட்டையைப் படுக்க வைத்தேன். ஆட்டினேன். நன்றாக இழுத்து விட்டு ஆட்டினேன். முந்நூறு எண்ணினேன். பிறகு இன்னொரு ஐந்து கிலோ. இன்னொரு முந்நூறு. ஒரு முனகல்கூட இல்லை.

அப்புறம் இறக்கி, ஆறு மில்லி ஓட்டை போட்டேன். திரும்பக் கட்டினேன். அதே பத்துக் கிலோ.

நாற்பத்தொன்றில் முறிந்தது. ஒரு துண்டு மூட்டையின் மேல் விழுந்தது.

இரண்டு துண்டையும் பழைய துண்டுகளின் பக்கத்தில் வைத்தேன். அச்சு அசல். பிறகு இன்னொரு கட்டையை மாட்டி, சும்மா, ஓர் இடுப்பு கடைந்தேன். பன்னிரண்டு மில்லி.

இவர் வந்து தரையில் கிடந்த சுருளைப் பார்த்தார். “லீவா? மெல்லிசா வந்திருக்கே.”

“ஆமாங்க. பயம் போயிருச்சு.”

இன்னொரு வாய்ப்புக் கொடுத்தேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், பத்து எண்ணுகிற நேரம். “குளிச்சிட்டு வரேன்,” என்று போய்விட்டார்.

ஜூலை 18, வெள்ளி

மேகமூட்டம். மழை இல்லை. அட்டை எழுதும் நாள். நல்ல பேனா, வெள்ளை அட்டை. என் கையெழுத்து பள்ளிக்கூடத்திலேயே பெயர் வாங்கியது.

ஒன்று. சப்பாத்திக் கட்டை. ரப்பர் மரம். சாந்தி அக்காவுக்கு. அவர் சொன்னது: இதில் மாவு தேய்க்கவா, மாமாவை அடிக்கவா? (கேட்டுக்கொண்டபடி பெயர் பெரிய எழுத்தில்.)

இரண்டு. மோர் மத்து. பக்கத்து வீட்டு மாலாவுக்கு. அவர் சொன்னது: பிள்ளை குட்டி இருந்தால் இதற்கெல்லாம் ஏது நேரம். (இதை எழுதும்போது தயக்கம். அப்புறம் கரையான் தின்ற பாதியைப் பார்த்தேன். எழுதினேன்.)

மூன்று. கிண்ணம். கா ரோஸுக்கு. அவர் சொன்னது: கிண்ணமா, படகா? இப்போது அவருடைய அம்மாவின் ஜெபமாலை இதில் இருக்கிறது.

நாலாவதற்கு நாலு அட்டை வீண். முதலாவதில் ஒரு பக்கம் நிறைய எழுதினேன், கிழித்தேன். இரண்டாவதில் கெட்ட வார்த்தை. மூன்றாவதில் விமலா சொன்னதை மட்டும் எழுதினேன், அதில் பொய் இருந்தது. நாலாவதில் மை கொட்டிவிட்டது.

ஐந்தாவது:

தொட்டில் கட்டை. ரப்பர் மரம். விமலாவின் குழந்தைக்கு. கடைந்தது நான். நடுவில் ஓட்டை போட்டது என் கணவர். கட்டை முறிந்தபோது விமலா சொன்னது: பிள்ளை பெறாத கையால் செய்தால் இப்படித்தான் ஆகும். என் கணவர் சொன்னது: ஒன்றும் இல்லை. ஒன்பது வருஷமாக.

மை காயும்வரை ஊதினேன். விமலாவுக்கும் சந்திரனுக்கும் போன் செய்து பத்து மணிக்குள் வரச் சொன்னேன். இவருடைய நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன்.

ஜூலை 19, சனி

மண்டபம். 9.20. ஒரு ஃபேன்தான் சுற்றுகிறது. எனக்கு மூன்றாவது மேசை. கூட்டம் இப்போதே நாற்பது பேர் இருக்கும். மிஸ்டர் ஊய் மைக்கைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

சாந்தி அக்கா வந்துவிட்டாள். தன் பெயர் எங்கே என்று போய்ப் போய்ப் பார்க்கிறாள், இன்னும் அட்டை வைக்கவில்லை என்று குறை. மாலா சாப்பாட்டு மேசை பக்கம்.

இவர்தான் பெட்டியைச் சுமந்துவந்தார். சாமான்களை அடுக்கினேன். தொட்டில் கட்டை கடைசியில்: பழைய இரண்டு துண்டு, நேற்று முன்தினம் முறிந்த இரண்டு துண்டு, முறியாத பன்னிரண்டு மில்லி. அதைப் பார்த்துவிட்டு இவர் காலிப் பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளினார்.

அட்டைகளையும் டேப்பையும் இவரிடம் கொடுத்தேன். “ஒட்டிடுங்க. எனக்குக் கை நடுங்குது.” நடுங்கவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் அட்டை, படித்தார், சிரித்தார், ஒட்டினார். இரண்டாவது. சிரிப்பு நின்றது. “இது வேணுமா ராஜி?” என்றார். ஒட்டினார். மூன்றாவதைக் கோணலாக ஒட்டி, பிய்த்து, நேராக ஒட்டினார்.

வாசலில் விமலா குடையை மடக்குகிறாள். பின்னால் சந்திரன்.

நாலாவது இவர் கையில். கிழித்த டேப் விரலில் ஒட்டியிருக்கிறது. படித்துவிட்டார். திரும்பவும் முதலிலிருந்து படிக்கிறார்.

“ராஜி,” என்கிறார்.

நான் நிமிரவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறேன்.